வயதான நாய், நோயாளி நாய்: தடுப்பூசி போடுவதா, தள்ளுவதா, விடுவதா?

ஜிம்மிக்குப் பதிமூன்று வயது நடந்துகொண்டிருந்தது. தடுப்பூசி கார்டில் எழுதியிருந்த தேதி தாண்டிப் பத்து நாள். இதய வால்வு தளர்ந்துபோய் காலையும் இரவும் மாத்திரை, நாலு படி ஏறினால் இருமல். இந்த உடம்புக்கு இன்னொரு ஊசியா என்று வீட்டில் ஒரு கட்சி. இத்தனை வருஷம் தவறாமல் போட்டுவிட்டு இப்போது விடுவதா என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் தப்பான கேள்வியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறோம் என்பது பிறகுதான் புரிந்தது.

"ஊசி போடலாமா, வேண்டாமா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கார்டில் இருப்பது ஒரு ஊசி அல்ல, ஐந்தாறு நோய்களுக்கான தனித்தனி மருந்துகள். ஒன்று கட்டாயம் வேண்டியிருக்கும், இன்னொன்று மூன்று வருடத்துக்குத் தேவையே இருக்காது, மூன்றாவது உங்கள் நாய்க்கு இப்போதைக்கு ஆபத்தாகவே இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான வரிசைதான் இது. முடிவை உங்கள் கால்நடை மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்கப்போகிறீர்கள். ஆனால் வீட்டுப்பாடம் செய்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முதல் படி: கார்டை எடுத்து உட்காருங்கள்

பழைய கார்டில் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டியது. "செவன் இன் ஒன்", "நைன் இன் ஒன்" என்று வாயால் சொல்வதைவிட அந்த ஸ்டிக்கர் முக்கியம். எந்தெந்த நோய்களுக்குப் போட்டது, கடைசியாக என்றைக்குப் போட்டது என்பதை நோய்வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், குடலைத் தாக்கும் பார்வோ, அடினோவைரஸால் வரும் ஈரல் நோய், ரேபிஸ் என்கிற வெறிநோய், எலிக்காய்ச்சல், கென்னல் காஃப் என்கிற தொற்று இருமல்.

நாய் குட்டியாக இருந்தபோது முதல் தொடர் ஊசிகள் நான்கு மாத வயதைத் தாண்டி முடிந்தனவா, அதன்பின் ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டர் போடப்பட்டதா என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். இவை இரண்டும் நடந்திருந்தால் உங்கள் கிழவனின் உடம்பில் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் எதிரான நினைவு பல வருடங்களுக்கு அப்படியே இருக்கும். சோதனைகளில் ஏழு வருடம் வரை பாதுகாப்பு நீடித்தது தெரிய வந்திருக்கிறது. வயதானால் பழைய நினைவு அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஏற்கெனவே கற்றதை முதிய நாயின் உடம்பு நன்றாகவே நினைவில் வைத்திருக்கும், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில்தான் கொஞ்சம் மந்தம். மனிதக் கிழவர்களும் அப்படித்தானே.

அதனால் பத்து வயதில் தத்தெடுத்த, கார்டே இல்லாத நாயின் கதை தனி. முன்பு போடவே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ வகை உயிருள்ள ஊசி ஒரே தடவை போட்டாலும் பொதுவாக வேலை செய்யும். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் அரைகுறைதான்.

இரண்டாம் படி: உயிருள்ளதா, கொன்றதா என்று பிரியுங்கள்

மருத்துவர் ஊசியைக் கலக்கும்போது ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு குப்பியில் வெள்ளை வில்லை போல உலர்ந்த பொருள் இருக்கும். இன்னொரு குப்பியில் தண்ணீர் போன்ற திரவம். திரவத்தை உறிஞ்சி வில்லையில் விட்டுக் குலுக்குவார், வில்லை சட்டென்று கரையும். அந்த வில்லைதான் டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸ்கள். வீரியம் குறைக்கப்பட்டவை, ஆனால் உயிருள்ளவை. உடம்புக்குள் கொஞ்சம் பெருகித்தான் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும். திரவம் பல தயாரிப்புகளில் எலிக்காய்ச்சல் மருந்து, அது கொல்லப்பட்ட கிருமி. ரேபிஸ் ஊசியும் கொல்லப்பட்ட வைரஸ்தான். உள்ளே போய்ப் பெருகாது.

நோயாளி நாய்க்கு இந்த ஒரு பிரிவினையே பாதி முடிவைச் சொல்லிவிடும். எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடக்கும் உடம்பில் உயிருள்ள ஊசி போடக் கூடாது. பலவீனமான வைரஸையும் கட்டுக்குள் வைக்க அந்த உடம்பால் முடியாமல் போகலாம். கொல்லப்பட்ட ஊசியால் அந்த ஆபத்து இல்லை. அங்கே கவலை வேறு: அடங்கிய உடம்பு சரியாகப் பதில் கொடுக்காமல் ஊசி வீணாகிவிடலாம்.

அடுத்த பிரிவினை காலம். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் 2007 முதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டு வருகிறது, அண்மையது 2024இல் வந்தது. முதல் தொடர் முடித்த வளர்ந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ ஊசிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை என்பது அதன் நிலை. எலிக்காய்ச்சல் பாக்டீரியா நோய், அதன் பாதுகாப்பு ஏறத்தாழ ஒரு வருடம்தான். கென்னல் காஃபும் ஆண்டுக்கு ஒருமுறை. ரேபிஸ் ஊசி லேபிளைப் பொறுத்து ஒரு வருடமோ மூன்று வருடமோ செல்லும், அதில் கடைசி வார்த்தை சட்டத்துடையது.

"வருஷா வருஷம் எல்லாமே" என்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜிம்மியின் கார்டில் பார்வோ பதினோரு தடவை எண்ணினேன்.

மூன்றாம் படி: என்ன நோய், எந்த நிலையில், எந்த மருந்தில்

ஊசிக் குப்பியின் லேபிளில் "ஆரோக்கியமான விலங்குகளுக்கு மட்டும்" என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, மூட்டுவலி உள்ள நாய்க்குக்கூட ஊசியே ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நோய் இருப்பது வேறு, நோய் கட்டுக்கடங்காமல் இருப்பது வேறு.

மூட்டுத் தேய்மானம், தைராய்டு குறைவு, மருந்தில் நிலையாக இருக்கும் இதய நோய், இன்சுலினில் சீராக ஓடும் சர்க்கரை, ஆரம்பக் கட்டச் சிறுநீரகக் குறைபாடு, கண் தெரியாமை, காது கேளாமை. இவற்றுக்காக மட்டும் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. சில இடங்களில் கணக்கு தலைகீழாகக்கூட இருக்கும். எலிக்காய்ச்சல் நேராகச் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும் நோய். ஏற்கெனவே பாதிச் சிறுநீரகத்தில் ஓடும் நாய்க்கு அது வந்தால் தாங்குமா? இளம் நாயைவிட அதற்குத்தான் அந்த ஊசி அதிகம் தேவைப்படலாம்.

தள்ளிப்போட வேண்டிய நாட்கள் தெளிவானவை: காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு நாளாகச் சாப்பிடாமை, திடீரென்று மோசமான மூச்சிரைப்பு, சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும் வாரம். அறுவை சிகிச்சையும் அப்படித்தான். "மயக்கத்தில் இருக்கும்போதே ஊசியையும் போட்டுவிடலாமே" என்பது வசதியான யோசனை, ஆனால் மறுநாள் நாய் வாந்தி எடுத்தால் அது மயக்க மருந்தாலா, ஊசியாலா, தையல் போட்ட இடத்தாலா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் தள்ளுங்கள்.

மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இருந்தால் அளவு என்ன என்று பாருங்கள். பிரெட்னிசலோன் நாளொன்றுக்குக் கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை என்றால் அது அரிப்பையும் வீக்கத்தையும் குறைக்கும் அளவு. முன்பே ஊசி போட்டிருக்கும் நாய்க்கு இந்த அளவில் பூஸ்டர் போடப் பல மருத்துவர்கள் சம்மதிப்பார்கள். கிலோவுக்கு இரண்டு மில்லிகிராமை எட்டினால் அது எதிர்ப்பு சக்தியையே அடக்கும் அளவு, உயிருள்ள ஊசிக்கு இடமில்லை. சைக்ளோஸ்போரின், அசதயோபிரின் போன்றவையும் இதே கணக்கில் வரும். மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்தப் பேச்சே.

இங்கே நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் ஜிம்மிக்கு அரிப்புக்காக வேறொரு மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். ஊசி போடும் இடத்தில் "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்டபோது இதய மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னேன். அரிப்பு மாத்திரையை மருந்தாகவே நினைக்கவில்லை. அது ஸ்டீராய்டு. அளவு குறைவு என்பதால் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேஜையில் கொட்டிவிடுகிறேன்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால் உயிருள்ள ஊசி வேண்டாம். முன்பு முறையாக ஊசி போட்ட நாயிடம் இருக்கும் எதிர்ப்புப் பொருள் கீமோவால் அப்படியே கரைந்துபோய்விடுவதில்லை என்பதால் அவசரமும் இல்லை.

மிகவும் யோசிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தன் இரத்த அணுக்களையே உடம்பு தாக்கி அழிக்கும் நோய் ஒருமுறை வந்து மீண்ட நாய். தடுப்பூசியால் அது தூண்டப்படுகிறது என்று 1996இல் வந்த ஓர் ஆய்வு சந்தேகத்தைக் கிளப்பியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதியாக நிறுவவில்லை. ஆனாலும் அப்படி மீண்ட நாய்க்கு ஊசியை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனையில் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே பல நிபுணர்களின் வழக்கம். இரண்டாவது, முன்பு ஊசி போட்டு முகம் வீங்கியதோ மயங்கி விழுந்ததோ உண்டா? எந்த ஊசிக்கு என்று கார்டில் கண்டுபிடிப்பது அவசியம். லேசான வீக்கம் மட்டும் என்றால் முன்கூட்டியே அலர்ஜி மருந்து கொடுத்து, தனித்தனியாகப் போட்டு, மருத்துவமனையிலேயே உட்காரவைப்பார்கள். சரிந்து விழுந்திருந்தால் அந்த ஊசியைத் திரும்பத் தொடாமல் இருப்பதே மேல்.

இன்னும் சில வாரமோ மாதமோதான் என்று தெரிந்துவிட்ட நாய்க்குச் சட்டம் வற்புறுத்தாத எந்த ஊசியும் வேண்டாம். அந்தப் பயணத்தையும் காத்திருப்பையும் அதற்கு மிச்சப்படுத்துங்கள்.

நான்காம் படி: நோய் எந்த வழியில் வரும்

"எங்க நாய் வாசல் தாண்டுவதே இல்லை" என்பார்கள். நாய் தாண்டாவிட்டாலும் எலி தாண்டும். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணும் தேங்கிய தண்ணீரும் போதும், எலிக்காய்ச்சல் வர. அது மனிதர்களுக்கும் தொற்றும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். நோயாளி நாய் ஆரோக்கியமான நாயைவிட அடிக்கடி மருத்துவமனைக்குப் போகிறது, அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நோயுள்ள நாய்தான் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டில் புதிதாகக் குட்டி வரப்போகிறதா? நீங்கள் ஊருக்குப் போகும்போது நாயை விடுதியில் விடுவீர்களா? கென்னல் காஃப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான். பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்துக்கே போகாத நாய்க்கு அது தேவையில்லை. ஆனால் இதய இருமல் உள்ள நாயை விடுதியில் விட்டால் இரண்டு இருமலும் சேர்ந்துகொண்டு எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அதைவிட, தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: சந்தேகமா, டைட்டர் பாருங்கள்

கொஞ்சம் இரத்தம் எடுத்து, டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது டைட்டர் டெஸ்ட். வளர்ந்த நாயிடம் அது இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த உயிருள்ள ஊசியை நிம்மதியாகத் தள்ளலாம். இல்லை என்று வந்தால் நினைவணுக்களில் பாதுகாப்பு ஒளிந்திருக்கவும் கூடும், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. உடம்பு இடம் கொடுத்தால் ஊசி போட வேண்டியதுதான்.

எலிக்காய்ச்சலுக்கும் கென்னல் காஃபுக்கும் இந்தப் பரிசோதனை பயன்படாது. அவற்றில் இரத்தத்தில் இருக்கும் அளவும் உண்மையான பாதுகாப்பும் ஒத்துப்போவதில்லை. என்னைக் கேட்டால், வயதான நாய்க்கு எப்படியும் சிறுநீரகம், ஈரல் பார்க்க இரத்தம் எடுப்பார்கள், அந்த ஊசிக்குத்திலேயே டைட்டருக்கும் எடுத்துவிடச் சொல்லலாம்.

ஆறாம் படி: ரேபிஸைத் தனியாக வையுங்கள்

மற்றவற்றில் பெரும்பாலும் நாயின் நலம்தான் கேள்வி. ரேபிஸில் வீட்டு மனிதர்களும் தெருவும் சேர்ந்துவிடுகிறார்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள், மனிதர்களுக்கு வருவதில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான். ஊசி கொல்லப்பட்ட வகை என்பதால் பெரும்பாலான நோயாளி நாய்களுக்கும் போட முடிகிறது.

அப்படியும் உண்மையிலேயே போட முடியாத நாய்கள் உண்டு. சில இடங்களில் மருத்துவர் விலக்குச் சான்று எழுதிக்கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, சில இடங்களில் இல்லை. உங்கள் இடத்தில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கு வாங்கினாலும் அந்த நாய் சட்டத்தின் கண்ணில் ஊசி போடாத நாய்தான். யாரையாவது கடித்தாலோ வெறிபிடித்த விலங்கு அதைக் கடித்தாலோ நடவடிக்கை கடுமையாக இருக்கும். ரேபிஸுக்கும் டைட்டர் உண்டு, நாடு விட்டு நாடு போகும்போது கேட்கும் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு (IU) என்ற அளவு அதுதான். ஆனால் டைட்டர் நன்றாக இருக்கிறது என்று ஊசியை விட்டுவிடப் பெரும்பாலான சட்டங்கள் ஒப்புவதில்லை.

ஏழாம் படி: போடுவதென்றால் எப்படி

2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஊசி போட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தது. மூன்று நாளுக்குள் ஏதாவது எதிர்விளைவு வந்தது 10,000 நாய்களில் சுமார் 38க்கு. அதிக ஆபத்தில் இருந்தவை கிழட்டு நாய்கள் அல்ல. ஒரே நாளில் பல ஊசி போட்டுக்கொண்ட சிறிய, இளம் வயது நாய்கள்தான். பத்து கிலோவும் அதற்குக் கீழும் எடையுள்ள நாய்க்கு ஒவ்வொரு கூடுதல் ஊசியும் ஆபத்தை 27 சதவீதம் கூட்டியது, பெரிய நாய்க்கு 12 சதவீதம்.

ஆகவே சின்ன நாய் என்றால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். இன்று ரேபிஸ், இரண்டு மூன்று வாரம் கழித்து எலிக்காய்ச்சல். அலைச்சல்தான், ஆனால் ஏதாவது வந்தால் எதனால் என்று தெரியும். "சின்ன நாய்தானே, பாதி டோஸ் போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு கிடையாது. பாதி போட்டால் பாதுகாப்பு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, எதிர்விளைவு பாதியாகக் குறையும் என்பதும் இல்லை.

காலை நேரத்தில் போய்விடுங்கள். சாயங்காலம் போட்டு நள்ளிரவில் முகம் வீங்கினால் யாரைத் தேடுவது? போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கண்ணைச் சுற்றியும் மூக்குமேலும் வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தொடர்ந்து வாந்தி, ஈறு வெளுத்துப்போவது, தள்ளாடுவது என்றால் உடனே உள்ளே ஓடுங்கள். ஒன்றிரண்டு நாள் சோர்வும் லேசான காய்ச்சலும் இயல்புதான், மூன்றாம் நாளும் படுத்தே கிடந்தால் கூப்பிடுங்கள்.

எந்தப் பக்கம், எந்தக் காலில் குத்தினார்கள் என்று கார்டில் எழுதி வாங்குங்கள். வயதான நாயின் உடம்பில் ஏற்கெனவே நாலு கொழுப்புக் கட்டி இருக்கும். ஊசி போட்ட இடத்தில் வரும் சின்ன முடிச்சு சில வாரத்தில் கரைய வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனால் அது கட்டியா, ஊசி முடிச்சா என்று பார்க்க அந்தக் குறிப்பு உதவும்.

ஊசியையே விட்டாலும் வருடாந்திரப் பரிசோதனையை விடாதீர்கள். ஜிம்மியின் இதயத்தில் முணுமுணுப்பு கேட்டதே ஒரு தடுப்பூசி நாளில்தான். டாக்டர் ஸ்டெத்தை வைத்துவிட்டு, பேச்சை நிறுத்தி, மறுபடி வைத்தார். ஏதோ இருக்கிறது என்று அந்த இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பதிமூன்றாம் வயதில் நாங்கள் செய்தது இதுதான். ரேபிஸ் அன்றைக்கே. டைட்டரில் மூன்றும் இருந்ததால் வில்லைக் குப்பி வேண்டாம் என்று கார்டில் எழுதினார்கள். பின்கட்டில் எலி நடமாட்டம் உண்டு என்பதால் மூன்று வாரம் கழித்து எலிக்காய்ச்சல் மட்டும் தனியாக. விடுதிக்கு அனுப்புவதில்லை என்பதால் கென்னல் காஃப் இல்லை. இரண்டு ஊசிக்கும் ஜிம்மி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடை பார்க்கத் தராசில் ஏற்றியதற்குத்தான் இரண்டு தடவையும் உறுமியது.